வருகைப் பதிவு

மாதம் எண்பது மணி நேரம்.
வேலை, அல்லது பயிற்சி.
இரண்டில் ஒன்று இருந்தால்
பத்துக் கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம் பருப்பு,
அரை லிட்டர் எண்ணெய்.
அறக்கட்டளையின் விதி. நான் எழுதியதில்லை.
நான் கட்டத்துக்குள் டிக் போடுகிறவன்.

பெரும்பாக்கம், தரைத்தளத்தில் ஒரு அறை.
லிஃப்ட் நின்றுபோன வாரம்.
எட்டு மாடி இறங்கிய முழங்கால்கள்
வரிசையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.
பூங்காவனம் வந்தபோது மணி ஒன்பதரை.
முந்தானையில் பினாயில் வாசம்.

"எவ்ளோ வருசமா வேலை?"
"சின்னவன் ஒண்ணாப்பு படிச்சப்போ சேந்தேன்.
இப்போ அவன் வண்டில சோறு எடுத்துக்கினு
யார் யார் வூட்டுக்கோ போறான் சார்."
"அத்தாட்சி?"
உள்ளங்கை இரண்டையும் திருப்பிக் காட்டினாள்.
இதை ஸ்கேன் பண்ண முடியாதே என்றேன்.
வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

வீட்டம்மாவிடம் கடிதம் கேட்டிருக்கிறாள்.
கையெழுத்தென்றால் அந்தம்மாவுக்குப் பயம்.
நாளைக்கு யாராவது வந்து
பி.எஃப். என்பார்கள், போனஸ் என்பார்கள்.
"உனக்கு இல்லாததா பூங்கா" என்று
நேற்றைய சப்பாத்தி நாலைக் கட்டிக் கொடுத்தார்களாம்.

கேட்டில் நிரஞ்சன் பெஹரா.
ஊர் ஒடிசாவில் எங்கோ.
தமிழில் தெரிந்தது பதினைந்து வார்த்தை,
அதில் ஒன்று "கையெழுத்து".
இரவு ஷிஃப்டில், ஜெனரேட்டர் சத்தத்தில்,
நோட்டைப் புரட்டிப் புரட்டிப்
படம் பிடித்து அனுப்பினான்.

உள்ளே 6.10. வெளியே 9.05.
உள்ளே 6.12. வெளியே 9.10.
தீபாவளியன்று உள்ளே 5.40.

கூட்டினேன். எண்பத்தேழு மணி.
ஏழு மணி மிச்சமே இருந்தது.
ஆனால் நோட்டின் தலைப்பு "வருகையாளர்கள்".
பெயர்ப் பத்தியில் "சி-704 மெய்டு",
"சி-1202 மெய்டு".
பை சோதனை: ஆம். ஆம். ஆம். ஆம்.
பூங்காவனம் என்று
ஒரு வரி இல்லை.

உறுதி செய்துகொள்ள
1202க்குப் போன் போட்டவன் நான்தான்.
மறுநாளே அந்த வீடு அவளை நிறுத்தியது.
நிரஞ்சனை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள்,
சிறுசேரி என்றார் ஒருவர்,
ஊருக்கே அனுப்பிவிட்டார்கள் என்றார் இன்னொருவர்.

மேலிடத்தில் கேட்டேன்.
மேலிடம் என்றால் அடையாறு, இரண்டாவது மாடி.
"அப்போ நேரம் இருக்குல்ல, பயிற்சில சேருங்க.
எண்ணிக்கை நமக்கும் வேணும்."
எனக்கும் வேண்டும்.
என் ஒப்பந்தம் பதினோரு மாதம்.
முப்பது தலை சேர்ந்தால் நீட்டிப்பு.
இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஹவுஸ் கீப்பிங், நிலை ஒன்று.
திரையில் ஒரு பொம்மை தரை துடைக்கிறது.
"எட்டுப் போட்டாப்ல தேய்க்கணும்,
பின்னாடியே நகரணும்" என்கிறாள் ஹெலன் ஷீபா.
வயது இருபத்துமூன்று. நல்ல பெண்.
வீட்டில் துடைப்பது அவள் அம்மா.

மாப்பை வாங்கிய பூங்காவனம்
பாதி எட்டில் நிறுத்தினாள்.
"மூலைக்கு இது போவாது பாப்பா."
குந்தி உட்கார்ந்து, முந்தானை செருகி,
இரண்டு விரலைத் துணிக்குள் விட்டு
என் மேசைக்குப் பின்னால் இருந்து
ஒரு வருச அழுக்கை எடுத்துக் காட்டினாள்.
எல்லாரும் சிரித்தார்கள்.
ஹெலன் ஷீபாவும். நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள், வருகைத் தாளில்
டிக் போடக் கை போனது.
பேனாவை வாங்கிக்கொண்டாள்.
பூ. நிறுத்தினாள். ங். கா.
அரை அங்குலக் கட்டம்.
வ நாளைய கட்டத்தில் விழுந்தது,
ன கோட்டின் மேல் உட்கார்ந்தது,
ம் மாதக் கடைசிக்குப் போய்விட்டது.

நாளைக்கு எங்கே போடுவீர்கள் என்றேன்.

"நாளைக்கி நாளைக்கிப் பாத்துக்கலாம் சார்.
அரிசி இன்னிக்கிக் குடுப்பியா?"

பத்தொன்பது நாள். நாளுக்கு நாலு மணி.
எழுபத்தாறுதான் ஆகியிருந்தது.